துப்பாக்கியுடன் அமெரிக்க விமானப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சனிக்கிழமைக் காலைகளில் சுடுதளத்துக்குப் போவது என் வழக்கம். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வேறு மாநிலங்களில் நடக்கும் போட்டிகளுக்கு விமானத்தில் துப்பாக்கியை எடுத்துச் செல்கிறேன். இது தெரிந்த தமிழ் நண்பர்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பார்கள். பெரும்பாலும் புறப்படுவதற்கு முந்தைய இரவு, பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் கேட்பார்கள். அப்போது கேட்டால் பல சமயம் காலம் கடந்திருக்கும். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் அமெரிக்க நிலவரம். இந்தியாவுக்கு வரும் வழியில் நேரும் ஆபத்தைத் தனியாக, விரிவாகச் சொல்லியிருக்கிறேன். அதை மட்டுமாவது எல்லோரும் படிக்க வேண்டும், துப்பாக்கியையே தொடாதவர்களும்கூட.

பயணிகள் விமானத்தில் துப்பாக்கி கொண்டுபோக உண்மையிலேயே அனுமதி உண்டா?

உண்டு. விமானத்தின் சரக்கு அறைக்குப் போகும் செக்-இன் பெட்டியில் மட்டும். கையோடு எடுத்துப்போகும் பையில் ஒருபோதும் கூடாது. மத்திய அரசு விதி கேட்பது நான்கு: துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, கடினமான பக்கங்கள் கொண்ட பெட்டிக்குள் இருக்க வேண்டும், பெட்டி பூட்டப்பட்டிருக்க வேண்டும், விமான நிறுவனத்தின் கவுண்டரில் நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேட்டைக்குப் போகிறவர்களும் போட்டியாளர்களும் அன்றாடம் இப்படிப் பறக்கிறார்கள். ஒளிக்க வேண்டிய காரியம் இல்லை இது. ஒளித்தால்தான் குற்றம்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பரின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவரோடு வேட்டைக்குப் பறக்கலாமா?

பெட்டி, பூட்டு பற்றியெல்லாம் பேசுவதற்கு முன் இதற்குப் பதில் தெரிந்தாக வேண்டும். குடியேற்றம் அல்லாத விசாவில் நாட்டுக்குள் வந்தவர்கள், அதாவது எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய அரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. விலைக்கு வாங்குவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதும் அதில் அடங்கும். சில விலக்குகள் உண்டு. நம்மவர்களுக்குப் பொருந்தக்கூடியது ஒன்றுதான்: ஏதேனும் ஒரு மாநிலம் முறையாக வழங்கிய, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் தடை பொருந்தாது. அந்த உரிமம் காலாவதியான அன்றே விலக்கும் போய்விடும்.

கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால், கிரீன் கார்டு உள்ளவரையும் நாடு கடத்த அதுவே ஒரு காரணமாகிவிடும். குடியுரிமை பெற்றவர் செய்யும் பிழை அபராதத்தோடு போகலாம். அதே பிழை விசாவில் இருப்பவரின் இருபது ஆண்டு உழைப்பையும் குடும்பத்தையும் சேர்த்தே தூக்கிப் போட்டுவிடும். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். நண்பர் சொன்னார் என்று கிளம்பாதீர்கள். நான் சொன்னேன் என்றும் கிளம்பாதீர்கள்.

எப்படிப்பட்ட பெட்டி வேண்டும்? கடையில் துப்பாக்கியோடு கொடுத்த பெட்டி போதாதா?

பல சமயம் போதாது. அந்தப் பிளாஸ்டிக் பெட்டிகளில் கைப்பிடியின் இருபுறமும் பூட்டுத் துளைகள் இருக்கும். ஒன்றில் மட்டும் பூட்டுப் போட்டு, மறுமூலையை இரண்டு கைகளாலும் நெம்பிப் பாருங்கள். மூடி வாய் திறந்து, உள்ளே விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி வரும். சில பெட்டிகளில் துப்பாக்கியின் பிடியையே தொட்டுவிடலாம். இப்படி எளிதில் திறக்கக்கூடிய பெட்டியைப் பாதுகாப்பு அதிகாரிகள் ஏற்க மாட்டார்கள். நான் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் சமையலறை மேடையில் பெட்டியை வைத்து, எல்லாத் துளைகளிலும் பூட்டு மாட்டி, நான்கு மூலைகளையும் நெம்பிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவேன்.

கைத்துப்பாக்கி என்றால் சிறிய கடினப் பெட்டியில் பூட்டி, அதைத் துணிமணி வைக்கும் பெரிய சூட்கேசுக்குள் வைக்கலாம். விதி அனுமதிக்கிறது. நான் செய்வதும் இதுதான். வெளியே பார்த்தால் சாதாரண சூட்கேஸ். திருடனின் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ‘உள்ளே துப்பாக்கி இருக்கிறது’ என்று பெட்டியின் வெளிப்புறத்தில் சீட்டு ஒட்டும்படி விமான நிறுவனம் கேட்கக் கூடாது. சட்டமே அதைத் தடுக்கிறது. யாராவது ஒட்டப் பார்த்தால் அமைதியாக மறுத்து, மேற்பார்வையாளரை அழைக்கச் சொல்லுங்கள்.

பாதுகாப்புத் துறையினர் திறக்கக்கூடிய டி.எஸ்.ஏ. பூட்டுதான் போட வேண்டுமா?

துப்பாக்கிப் பெட்டிக்கு எந்தப் பூட்டும் போடலாம். டி.எஸ்.ஏ. எனப்படும் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் சாவியோ எண்ணோ பயணியிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது விதியின் வாசகம். டி.எஸ்.ஏ. பூட்டுகளுக்கான பொதுச் சாவி பல கைகளில் புழங்குகிறது. அதனால் உள்ளே இருக்கும் துப்பாக்கிப் பெட்டிக்கு வலுவான சாதாரணப் பூட்டும், வெளி சூட்கேசுக்கு டி.எஸ்.ஏ. பூட்டும் போடுகிறேன். சாவி என் சட்டைப்பையில் இருக்கும்.

கவுண்டரில் என்ன நடக்கும்? சொல்லவே பயமாக இருக்கிறது.

முதல் தடவை எனக்கும் உள்ளங்கை வியர்த்தது. எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “என்னிடம் துப்பாக்கி இருக்கிறது” என்று ஆரம்பிக்காதீர்கள். பின்னால் நிற்பவர்கள் மிரண்டுவிடுவார்கள். “செக்-இன் பெட்டியில் தோட்டா இல்லாத துப்பாக்கி இருக்கிறது, அதைப் பதிவு செய்ய வேண்டும்” என்று முழுமையாக, சாதாரணக் குரலில் சொல்லுங்கள்.

ஊழியர் ஒரு சிறிய அட்டை தருவார். பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதி கூறி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அட்டை பெட்டிக்குள் போகும். எங்கே வைப்பது என்பதை அவரே சொல்வார். சிலர் திறந்து காட்டச் சொல்வார்கள், சிலர் கேட்க மாட்டார்கள். கேட்டால் பெட்டியைத் திறந்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். துப்பாக்கியை நீங்களாக எடுத்துக் காட்டவே காட்டாதீர்கள். கவுண்டரில் வைத்துத் தோட்டா அறையைச் சோதித்துக் காட்டும் ஆர்வமும் வேண்டாம். அந்த வேலையை வீட்டிலேயே முடித்திருக்க வேண்டும்: தோட்டாக்களை அடுக்கிச் செருகும் மேகசினைக் கழற்றி, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்திருக்க வேண்டும்.

பிறகு பெட்டி சோதனைக்குப் போகும். சில விமான நிலையங்களில் தனி அறை வரை நீங்களும் கூடவே போக வேண்டும். சிலவற்றில் “பதினைந்து நிமிடம் இங்கேயே இருங்கள்” என்பார்கள். அந்த நேரத்தில் காபி வாங்கப் போய்விடாதீர்கள். பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தால் சாவிக்கு உங்களைத்தான் தேடுவார்கள். ஆள் இல்லை என்றால் பெட்டி விமானம் ஏறாமல் நின்றுபோகலாம். வழக்கமான நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். இயந்திரத்தில் செக்-இன் செய்து முடிக்கிற பயணம் இல்லை இது.

தோட்டாக்களை எப்படி எடுத்துச் செல்வது?

செக்-இன் பெட்டியில்தான்; தோட்டாவுக்கென்றே செய்த அட்டை, பிளாஸ்டிக், மரம் அல்லது உலோகப் பெட்டியில். சட்டைப்பையிலோ காலுறைக்குள்ளோ உதிரியாகப் போடக் கூடாது. கடையில் வாங்கிய அட்டைப் பெட்டி கிழியாமல் இருந்தால் அதுவே போதும். முறையாகப் பெட்டியிட்ட தோட்டாவைத் துப்பாக்கி இருக்கும் அதே கடினப் பெட்டிக்குள் வைக்கலாம் என்பது டி.எஸ்.ஏ. விதி. சில விமான நிறுவனங்கள் மட்டும் தனியாக வைக்கச் சொல்லும்.

எடைக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் வைத்திருக்கும் வரம்பு ஒரு பயணிக்கு 5 கிலோ. 9 மி.மீ. தோட்டா ஒன்று ஏறக்குறைய 12 கிராம். 50 தோட்டா கொண்ட பெட்டி 600 கிராமைத் தாண்டும். அப்படிப் பார்த்தால் எட்டுப் பெட்டிக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். போட்டிக்கு அதற்கு மேல் வேண்டுமென்றால் போகிற ஊரில் வாங்குங்கள். வெடிமருந்துத் தூளும், தோட்டாவின் அடியில் பொருத்தும் பிரைமர்களும் எந்தப் பெட்டியிலும் கூடாது. வீட்டில் தோட்டா தயாரிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மேகசின், உதிரி பாகங்கள், தொலைநோக்கி?

மேகசின், சுடு ஊசி, போல்ட் எல்லாம் செக்-இன் பெட்டிக்கே. காலியாக இருந்தாலும் கைப்பையில் கூடாது. ரைபிளில் பொருத்தும் தொலைநோக்கியை மட்டும் கைப்பையில் எடுத்துப்போகலாம். குழந்தையின் பொம்மைத் துப்பாக்கி அசல்போலத் தெரிந்தால் அதுவும் செக்-இன் பெட்டிக்குத்தான். கரடியை விரட்டும் மிளகுத் தெளிப்பானுக்கு இரண்டிலுமே இடம் இல்லை.

கைப்பையில் இருப்பதை மறந்து சோதனை வரிசைக்குப் போய்விட்டால்?

இது அரிதாக நடப்பது என்று நினைக்காதீர்கள். 2023-இல் அமெரிக்க விமான நிலையச் சோதனை வரிசைகளில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737, 2024-இல் 6,678. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் தோட்டா நிரப்பியவை. 2023-இல் அட்லாண்டா விமான நிலையத்தில் மட்டும் 451. பிடிபட்டவர்களிடம் கேட்டால் “பையில் இருந்ததையே மறந்துவிட்டேன்” என்பதுதான் வழக்கமாக வரும் பதில். அதை நான் நம்புகிறேன். நம்புவதால்தான் பயம் வருகிறது.

எக்ஸ்ரேயில் தெரிந்ததும் வரிசை நிற்கும், காவலர் வருவார். தோட்டா நிரப்பிய துப்பாக்கிக்கு முதல் முறை அபராதமே 3,000 டாலரில் தொடங்குகிறது. உச்சவரம்பு 15,000 டாலரைத் தாண்டும். விரைவுச் சோதனைச் சலுகையை ஐந்து ஆண்டுகளுக்கு இழக்கலாம். கைது செய்வதா இல்லையா என்பது அந்த மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள்: துப்பாக்கிக்குள் தோட்டா இல்லாவிட்டாலும், இரண்டும் ஒரே கைப்பையில் எட்டும்படி இருந்தால் அபராதக் கணக்கில் அது தோட்டா நிரப்பியதாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

என் விமானம் நியூயார்க் அல்லது நெவார்க்கில் மாறுகிறது. பெட்டி நேராகத்தானே போகும்? கவலை உண்டா?

பெட்டி நேராகப் போகும்வரை பெரும்பாலும் இல்லை. நீங்கள் அங்கே தங்க நேர்ந்தால் நிறைய உண்டு.

1986-ஆம் ஆண்டின் மத்திய அரசுச் சட்டம் ஒன்று, புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருக்க உரிமை உள்ளவரை, வழியிலுள்ள மாநிலங்களில் பாதுகாக்கிறது. நிபந்தனை: துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, அது கைக்கு எட்டும்படியும் இருக்கக் கூடாது. படிக்கும்போது தெம்பாகத்தான் இருக்கும். 2005-இல் யூட்டா மாநிலத்துக்காரர் ஒருவருக்கு நடந்ததைக் கேளுங்கள். பென்சில்வேனியாவிலுள்ள ஆலன்டவுனுக்கு டிக்கெட். நியூ ஜெர்சியின் நெவார்க்கில் விமானம் மாற வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இணைப்பு தவறியது. பஸ்ஸில் அனுப்பி வைக்க ஏற்பாடானது. அவருடைய பெட்டி பஸ்ஸில் ஏற்றப்படவில்லை. பெட்டியைத் தேடி இறங்கினார், பஸ் போய்விட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு விடுதியில் இரவு தங்கினார். மறுநாள் காலை கவுண்டருக்கு வந்து, விதிப்படி, “பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது” என்று தெரிவித்தார். நியூ ஜெர்சி அனுமதி இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருந்ததாகக் கைது செய்யப்பட்டுச் சிறைக்குப் போனார். பின்னர் வழக்கு கைவிடப்பட்டது. அவர் இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கில் 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது: விடுதியில் அந்த இரவு பெட்டி அவர் கைக்கு எட்டும்படி இருந்தது, எனவே மத்திய அரசுச் சட்டத்தின் பாதுகாப்பு பொருந்தாது.

அந்த மனிதர் ஒளிக்கவில்லை, பொய் சொல்லவில்லை, எங்கே எதைச் சொல்ல வேண்டுமோ சொன்னார். அவரை வீழ்த்தியது ஒரு தாமதமான விமானம். அதனால்தான் நண்பர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: துப்பாக்கியோடு பறக்கும்போது நியூயார்க், நியூ ஜெர்சி வழியே டிக்கெட் எடுக்காதீர்கள். நூறு டாலர் கூடினாலும் வேறு வழியில் போங்கள். வேறு வழியே இல்லாமல் அங்கே இரவு தங்க நேர்ந்தால் பெட்டியைக் கையில் வாங்காதீர்கள். விமான நிறுவனத்தின் பொறுப்பிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். தவறிக் கைக்கு வந்துவிட்டால், விமான நிலையத்தை விட்டு வெளியே எடுத்துச் செல்லாமல் அங்கேயே ஒரு வழக்கறிஞரை அழையுங்கள்.

போய்ச் சேரும் மாநிலத்தின் சட்டத்தையும் படிக்க வேண்டும். பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினை நியூயார்க் அனுமதிப்பதில்லை. ஹவாய்க்குப் போனால் ஐந்து நாட்களுக்குள் துப்பாக்கியைக் காவல்துறையில் பதிவு செய்ய வேண்டும்.

இந்தியாவுக்குப் போகிறோம். துப்பாக்கி எடுத்துப் போகவில்லை. அப்படியென்றால் கவலை இல்லைதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன்.

சென்ற முறை சென்னைக்குப் பெட்டி கட்டியபோது, பரணிலிருந்து ஒரு பழைய தோள்பையை எடுத்தேன். முன்பு சுடுதளத்துக்குக் கொண்டுபோனது. காலிப் பை. தலைகீழாகக் கவிழ்த்து உதறினேன். நூல் பிசிறும் ஒரு பழைய ரசீதும் விழுந்தன. பிறகு உள்துணியைத் தடவியபோது, தையல் பிரிந்த மூலையில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. இரண்டு விரல்களை விட்டு இழுத்தால், பாயிண்ட் 22 தோட்டா ஒன்று. பள்ளிக்கூடத்தில் தேய்த்துத் தேய்த்து மிஞ்சும் பென்சில் துண்டு அளவுதான் இருக்கும். அந்தப் பையைத்தான் என் மகள் முதுகில் மாட்டிக்கொண்டு வருவதாக இருந்தாள்.

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும் வழக்குப் பதியலாம். அமெரிக்காவில் அதிகம் விற்கும் 9 மி.மீ. தோட்டா இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. அதற்குத் தண்டனை இன்னும் கடுமை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் பையில் தோட்டா இருந்து, பயணம் நின்று, காவல் நிலையத்தில் விசாரணை என்ற செய்திகள் அங்கே அடிக்கடி வருகின்றன. அமெரிக்காவில் ஏறும்போது யாரும் தடுக்கவில்லை என்பதை நம்பிவிடாதீர்கள். சென்னையிலிருந்து மதுரைக்கு உள்நாட்டு விமானம் ஏறும்போதோ, விடுமுறை முடிந்து திரும்பும்போதோ எக்ஸ்ரேயில் தெரியும்.

சட்டத்தில் ஒரு ஆறுதல் உண்டு. பொருள் தன்னிடம் இருப்பதை அறிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1972-இலும் 1994-இலும் விளக்கியிருக்கிறது. அதன் அடிப்படையில், துப்பாக்கி எதுவும் இல்லாமல் ஒற்றைத் தோட்டா மட்டும் கிடைத்த பல வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. ஆனால் அதற்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும். அதற்குள் விடுமுறை முடிந்திருக்கும், வேலைக்குத் திரும்ப வேண்டிய தேதி கடந்திருக்கும், ஊரில் அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்.

எனவே சுடுதளத்துக்குப் போகும் பை வேறு, பயணப் பை வேறு. ஒன்றை மற்றொன்றாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். குளிர்காலச் சட்டையின் பைகள், கார் டிக்கியில் கிடந்த முதுகுப்பை, நண்பரிடம் இரவல் வாங்கிய சூட்கேஸ், எல்லாவற்றையும் விளக்கு வெளிச்சத்தில் தடவிப் பாருங்கள். ஒருமுறை நண்பர்களோடு வேடிக்கைக்காகச் சுடுதளத்துக்குப் போய், நினைவாக ஒரு தோட்டாவை எடுத்து வைத்த மாணவர்களும் இந்தக் கணக்கில் வருகிறார்கள். வெற்றுத் தோட்டா உறையைக்கூடச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு வராதீர்கள்.

மெக்சிகோவுக்கோ கரீபியன் தீவுகளுக்கோ விடுமுறைக்குப் போனால்?

அதே எச்சரிக்கைதான். டெக்சாஸ் தமிழர்கள் கான்கூனுக்குப் போவது அடுத்த ஊருக்குப் போவதுபோல ஆகிவிட்டது. மெக்சிகோவில் அனுமதியில்லாத ஒரு தோட்டாவே சிறைக்குக் காரணமாகலாம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை தொடர்ந்து எச்சரிக்கிறது. டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளில் உதிரித் தோட்டாக்களோடு வந்த சில அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள் கைதாகி, 12 ஆண்டு குறைந்தபட்சத் தண்டனைச் சட்டத்தின் முன் நின்றார்கள். 2024-இல் அவர்கள் ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோடும் அபராதத்தோடும் வீடு திரும்பினார்கள். அதுவரை மாதக்கணக்கில் தீவிலேயே காத்திருந்தவர்களும் உண்டு.

என் துப்பாக்கியையே இந்தியாவுக்குக் கொண்டுபோக முடியுமா?

இந்திய ஆயுத உரிமம் உங்கள் பெயரில் இல்லாமல் முடியாது. அமெரிக்க உரிமத்துக்கு அங்கே மதிப்பில்லை. சுங்க விதிப்படியும் துப்பாக்கி சலுகையில் வரும் பயணப் பொருள் அல்ல. நாட்டுக்காகச் சுடும் வீரர்களுக்கு வேறு நடைமுறை உண்டு. மற்றவர்கள் இந்த எண்ணத்தை விட்டுவிடலாம். வேறு நாட்டுக்கு வேட்டைக்கோ போட்டிக்கோ போகிறவர்கள், புறப்படும் முன் அமெரிக்கச் சுங்கத்துறையிடம் துப்பாக்கியைக் காட்டி 4457 எண் படிவத்தில் பதிந்துகொள்ள வேண்டும். திரும்பும்போது “இது என்னுடையது, இங்கிருந்துதான் கொண்டுபோனேன்” என்பதற்கு அந்தத் தாள்தான் சான்று.

போய் இறங்கியதும் பெட்டியை எங்கே வாங்குவது? வராவிட்டால்?

சில நிறுவனங்கள் மற்றப் பெட்டிகளோடு சுழல் பட்டையிலேயே விட்டுவிடும். சில, பயணப் பொருள் அலுவலகத்தில் அடையாள அட்டை பார்த்துக் கொடுக்கும். ஏறும் ஊரிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் காத்திருந்தால், நீங்கள் ஓரிடத்திலும் பெட்டி வேறிடத்தில் கேட்பாரின்றிச் சுற்றிக்கொண்டும் இருக்கும். கையில் கிடைத்ததும் கட்டடத்துக்குள் வைத்துத் திறக்காதீர்கள்.

வரவில்லை என்றால் “நாளை வரும்” என்ற பேச்சோடு வெளியேறாதீர்கள். உள்ளே துப்பாக்கி இருப்பதைச் சொல்லி அப்போதே எழுத்துப்பூர்வமாகப் புகார் பதியுங்கள். அன்றைக்குள் தடம் தெரியாவிட்டால் காவல்துறையிடமும் பதியுங்கள். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது துப்பாக்கியின் வரிசை எண்ணைத்தான். அதையும், பூட்டிய பெட்டியின் படத்தையும், பெட்டிக்குள் வைத்த அட்டையின் படத்தையும் வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் கவுண்டரிலும் கைப்பேசியில் எடுத்து வைத்திருங்கள். ஒரு பிரதியை மனைவிக்கோ கணவருக்கோ அனுப்பிவிடுங்கள்.